தாகப் பாத்தி

கோஸ்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். களை மண்டிய பாத்தியில் களை பிடுங்குவாள். களையே இல்லாத பாத்தியிலும் தேடிப் பிடித்துப் பிடுங்குவாள். அன்றைக்கும் குனிந்தவள் நிமிராமல் வரப்போரத்துப் புல்லை வேரோடு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். புல் என்ன பாவம் செய்தது? ஒன்றும் செய்யவில்லை. பாவம் செய்தது பெற்ற மகள்.

மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். ஊருக்கு வெளியே இருக்கிற விவசாய ஆராய்ச்சி நிலையத்தில், பேருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்கிற படிப்பு படிக்கிறவள். "உங்க பொண்ணு டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரி?" என்று யாராவது கேட்டால் அவள் அப்பா, "கோஸுக்கு டாக்டர். நாடி பிடிச்சுப் பார்ப்பா, ஊசி போட மாட்டா" என்பார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இன்னமும் எல்லோருக்கும் டிரைவர்தான்.

"அம்மா, நான் என்ன கொலையா பண்ணச் சொன்னேன்? அறுவடைக்கு முன்னாடி ஒரே ஒரு பாத்திக்குத் தண்ணியைக் குறைச்சுக்கோன்னு கேட்டேன்."

"கொலைன்னா ஒரே வெட்டு. நீ பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றே."

"சாகாதும்மா. கொஞ்சம் தாகமா இருக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? பக்கத்துப் பாத்தி வயிறு முட்டக் குடிக்கும், இது அதைப் பார்த்துக்கிட்டு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு வீட்டுல ரெண்டு பிள்ளைக்கு இப்படிச் செய்வாங்களா?"

"அம்மா, அது கோஸு!"

"எனக்குத் தெரியாதா கோஸுன்னு? நட்டவ நான்."

மகள் பொறுமைசாலி. வரப்பிலேயே உட்கார்ந்து, வெளி இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி அம்மா மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு. கடுகு அரைச்ச மாதிரி ஒரு காரம் வருதில்ல? பூச்சி கடிக்காம இருக்கச் செடி தானே தயார் பண்ணி வெச்சுக்கிற மருந்துலேருந்து வர்ற வாசனை. நம்ம உடம்புக்கும் அதால நல்லது உண்டுன்னு நிறைய பேர் பார்த்திருக்காங்க. செடி சொகுசா இருந்தா மருந்து கம்மியாத் தயார் பண்ணும், கொஞ்சம் கஷ்டப்பட்டா அதிகமாத் தயார் பண்ணும்னு நான் நினைக்கிறேன். நினைச்சாப் போதாது, அளந்து காட்டணும். எங்க நிலையத்துத் தோட்டம்தான் வெள்ளத்துல அழுகிப் போச்சே. ஒரே விதை, ஒரே மண்ணு, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பாத்தி எனக்கு வேற எங்கே கிடைக்கும்? இதை முடிக்கலைன்னா இத்தனை வருஷப் படிப்பும் அந்தரத்துல நிக்கும்மா."

கடைசி வாக்கியம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. கோஸ்காரம்மா புல்லை விட்டாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்த நாட்களில்கூட இப்படிக் குரலை இறக்கிப் பேசினவள் இல்லை.

"எந்தப் பாத்தி?" என்றாள்.

"ரோட்டை ஒட்டி இருக்கிறது."

"எல்லாரும் பார்க்கிற பாத்தியா! உனக்கு வேற பாத்தியே கிடைக்கலையா?"

"அங்கேதான் நிழல் விழாதும்மா."

அம்மா பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுதான் சம்மதம் என்று மகளுக்குத் தெரியும்.

கோஸ்காரம்மாவின் கோஸைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவள் கவலை யாருக்கும் புரியாது. சந்தையில் அவள் மூட்டையை இறக்குவதற்கு முன்பே ஆள் நிற்கும். பந்து மாதிரி உருண்டு திரண்டு, விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் கொடுக்கும். வாங்கிப் போனவர்கள் வெட்டும்போது உள்ளே ஒரு இடுக்கு, ஒரு புழு, ஒரு கறுப்பு இருக்காது. அவளுக்கும் ஒரு சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. அதைக் கூப்பிட ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்தது. கோஸ்காரம்மா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். காய் பேர் சொல்லித் தன்னைக் கூப்பிடுவதில் அவளுக்கு வருத்தமா என்றால், சொல்லவே வேண்டாம், அத்தனை கர்வம்.

தாகப் பாத்திக்குப் போகிற மடையை மண்ணும் சாக்கும் வைத்து அடைத்தார்கள். மகள் கையாலேயே அடைத்துவிட்டு, "வாரத்துல ரெண்டு தடவை மட்டும், நான் சொல்ற அளவு. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். அங்கே அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரம், மத்தியான வெயிலில், வெளி இலைகள் காதைத் தொங்கவிட்டன. கோஸ்காரம்மா அந்தப் பக்கம் போவதையே விட்டாள். போனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கடன்காரனைக் கண்ட மாதிரி எதற்கு ஒளிய வேண்டும்? கோஸுக்குக் கண்ணா இருக்கிறது? இருந்தது போலத்தான் அவளுக்குத் தோன்றியது.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் கேரட்டு அண்ணனுடையது. அவர் நல்லவர்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கோஸு தலை தொங்குது? யாராவது திட்டினாங்களா?"

"ஆராய்ச்சி அண்ணே."

"ஓஹோ! எங்க வீட்டுல வேலை செய்யாம படுத்திருந்தா சோம்பேறின்னு சொல்வோம். உங்க வீட்டுல அதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"போங்க அண்ணே, போய் உங்க கேரட்டைப் பாருங்க."

"என் கேரட்டு மண்ணுக்குள்ள இருக்கு, மானம் போனாலும் வெளியே தெரியாது. உன்னுது மேலல்ல உட்கார்ந்திருக்கு!"

அவர் சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார். அவர் விளையாட்டாகச் சொன்னது இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றைக்குச் சந்தையிலும் ஒருத்தி, "உங்க கோஸுக்கு என்னமோ சீக்காமே, நிஜமா?" என்று கேட்டுவிட்டு, எடுத்த கோஸைக் கீழே வைத்துவிட்டாள்.

பொழுது சாய்கிற நேரம். டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தார். கோஸ்காரம்மா ஒரு வாளியையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, ரோட்டோர வரிசைக்கு மட்டும் வேரடியில் ஊற்றினாள். மற்ற வரிசை எப்படியோ போகட்டும், ஜனங்கள் கண்ணில் படுகிற வரிசை மட்டும் கொஞ்சம் நிமிர்ந்திருக்கட்டும் என்றுதான் ஊற்றினாள். ஒரு சொம்பு. ஒரு செடிக்கு ஒரு சொம்பு எந்த மூலைக்கு?

மறுநாள் அந்த வரிசை நிமிர்ந்து நின்றது. அதற்கு அடுத்த வரிசை அதைப் பார்த்து ஏங்குகிற மாதிரி இருந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்து ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்க அவளால் முடியுமா? அப்படியே வாளி வாளியாகப் போனது. ஊற்றிய ஈரம் தெரியாமல் இருக்க மேலே உலர்ந்த மண்ணைத் தூவிவிடுகிற அளவுக்குக் கைதேர்ந்துவிட்டாள்.

மகள் வந்து பார்த்து அசந்து போனாள்.

"அம்மா! தண்ணி இல்லாமலேயே எப்படிம்மா இவ்வளவு தெளிவா நிக்குது? நம்ம மண்ணுக்கு ஈரம் பிடிச்சு வெச்சுக்கிற சக்தி ரொம்ப அதிகம் போல!"

"மண்ணு மட்டுமா?" என்றாள் அம்மா. "வளர்க்கிற கையும் இருக்கில்ல?"

ஐயோ, அந்த வாயை என்ன சொல்வது! செய்தது தப்பு, அதற்குப் பாராட்டும் வேண்டியிருந்தது.

அறுவடையன்று ஆராய்ச்சி நிலையத்து வண்டி வந்தது. கோஸை வெட்டி, பாத்தி வாரியாகப் பையில் போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோனார்கள். அதை உறையவைத்து, உலர்த்திப் பொடியாக்கி, ஒரு இயந்திரத்துக்குள் விட்டால் அது மலை மலையாகக் கோடு போடுமாம். மலை உயரமாக இருந்தால் அந்த மருந்துப் பொருள் அதிகம் என்று அர்த்தம். மகள் இதைச் சொன்னபோது டிரைவர், "அப்போ உங்க மிஷினும் நான் லாரி ஓட்டின மலைப்பாதையும் ஒண்ணுதான்" என்றார்.

மலை என்ன சொல்லப்போகிறதோ என்ற கவலையில் கோஸ்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் மகள் வந்தாள். கையில் பேக்கரிப் பெட்டி, முகமெல்லாம் பல். அம்மா சமையலறையில் சூப்புக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ரேடியோவை நிறுத்துங்க! அம்மா, இங்கே பாரு! ரிசல்ட் வந்திடுச்சு."

"என்ன வந்திருக்கு?" என்றாள் அம்மா. கத்தி நின்றுவிட்டது.

"நான் நினைச்சதுக்கு நேர் எதிரா வந்திருக்கு! தாகப் பாத்தி கோஸுலதான் கம்மி. நல்லாத் தண்ணி குடிச்சதுல அதிகம். முதல்ல எனக்கு அழுகையே வந்துச்சு. என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டற மேடம்தான் சொன்னாங்க, எதிர்பார்த்தது வர்றதைவிட எதிர்பாராதது வந்தாத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்கன்னு. நிலையத்துல பெரிய கூட்டம் நடக்கப்போகுது. வெளியிலேருந்தெல்லாம் வர்றாங்க. நான்தான் பேசப்போறேன். அப்புறம் அச்சுலயும் வரும்."

"சபாஷ்!" என்று டிரைவர் கைதட்டினார். ஆனால் அந்தக் கைதட்டலில் ஒரு சுரத்தில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"நன்றி சொல்ற இடத்துல முதல் ஆளா அம்மாவைப் போட்டிருக்கேன்" என்றாள் மகள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று கோஸ்காரம்மாவுக்கு. கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. வெட்டின கேரட்டையே மறுபடி வெட்டினாள்.

"அச்சுல வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"படிப்பாங்க. கடைசி வரைக்கும் நல்லாத் தண்ணி விடுங்கன்னு விவசாயிங்களுக்குச் சொல்வாங்க."

"மேட்டு நிலத்துக்காரங்க? அவங்களுக்குத் தண்ணியே கிடையாதே. குட்டிக் குட்டியா ஒரு கோஸைத் தூக்கிக்கிட்டு வருவாங்களே சந்தைக்கு."

"அதுல சத்து கம்மின்னு ஆகும். பாவம்தான். ஆனா உண்மை அதுன்னா என்னம்மா பண்றது?"

உண்மை அதுவென்றால். அந்தச் சொல் கோஸ்காரம்மாவின் நெஞ்சில் போய் நின்றது. சந்தைக் கோடியில் சாக்கை விரித்து, வாங்க ஆளில்லாத சின்னக் கோஸ்களோடு உட்கார்ந்திருப்பவர்களை அவளுக்கு முகம் முகமாகத் தெரியும். இவள் ஊற்றிய ஒரு சொம்புத் தண்ணீர் அவர்கள் தலையில் போய் விழப்போகிறது. அதைவிட, தன் வயிற்றில் பிறந்த பெண் நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நின்று, தெரியாமலேயே ஒரு பொய்யைச் சொல்லப்போகிறாள்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"அது தாகப் பாத்தி இல்லை" என்றாள்.

"என்னம்மா சொல்றே?"

"நான் தண்ணி ஊத்தினேன். சாயங்காலம் சாயங்காலம். யாருக்கும் தெரியாம."

மகள் பேக்கரிப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். டிரைவர் தொண்டையைக் கனைத்தார்.

"எந்தப் பக்கம் ஊத்தினே?" என்று மனைவியைக் கேட்டார்.

"ரோட்டுப் பக்கம் ஆரம்பிச்சேன். அப்புறம் எல்லாத்துக்கும்தான். ஏன்?"

"இல்லை… நான் கிணத்துப் பக்கம்."

"என்னது?"

"மடையை ஒரு விரக்கடை திறந்துவிட்டேன். நீ காலையில சந்தைக்குப் போனப்புறம். நீ சரியாச் சாப்பிடலை, தூங்கலை. கோஸு வாடினா நீ வாடறே. எனக்குப் பார்க்க முடியலை. நீ வர்றதுக்குள்ள மறுபடி அடைச்சிடுவேன்."

"அதான் கிணத்துப் பக்கம் எப்பவும் ஈரமா இருந்துச்சா! நான் கசிவுன்னுல்ல நினைச்சேன்!"

"ரோட்டுப் பக்கம் ஈரத்தைப் பார்த்து நான் பனின்னு நினைச்சேன்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று சிரிப்பு வந்தது அவளுக்கு. "அப்போ அந்தப் பாத்திதான் எல்லாத்தையும்விட அதிகமாக் குடிச்சிருக்கு! தாகப் பாத்தியாம், தாகப் பாத்தி!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாயிற்று. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"உங்களை நம்பினேன். வேற யாரையும் நம்பாம உங்களை நம்பினேன். வேற யாரோட நிலமா இருந்தா ஈரம் அளக்கிற கருவியை நட்டு, பூட்டுப் போட்டு, ஆள் வெச்சிருப்பேன். அம்மா அப்பாதானேன்னு விட்டேன். ஒரு வருஷம் போச்சு!"

அம்மா ஒரு சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் போகவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சமாதானம் சொல்ல என்ன வாய் இருக்கிறது? அழுது முடிகிற வரை நின்றாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணப்போறே?"

மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி அம்மாவைப் பார்த்தாள். "என்ன பண்றது? காலையில மேடம்கிட்டப் போய்ச் சொல்லணும். வேற என்ன?"

அவ்வளவுதான். மறைக்கலாமா என்று ஒரு கணம்கூட அவள் யோசிக்கவில்லை. அது அவள் மனதிலேயே வரவில்லை. அத்தனை வெட்கத்துக்கும் நடுவில் கோஸ்காரம்மாவுக்கு மார்பு நிமிர்ந்தது. இவள் என் பெண் என்று கூரைமேல் ஏறிக் கத்த வேண்டும் போலிருந்தது. பேக்கரிப் பெட்டியை அன்றைக்கு யாரும் திறக்கவில்லை.

காலையில் மகளுக்கு முன்னால் கோஸ்காரம்மா தயாராகி வாசலில் நின்றாள். "நீ எதுக்கும்மா?" என்றாள் மகள். "தண்ணி ஊத்தினது நீயா நானா?" என்றாள் அம்மா.

மேடத்தின் அறையில் நாற்காலிமேலெல்லாம் காகிதம். ஜன்னலோரம் கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. மருந்துக்கடை வாசனை அடித்தது. மேடம் குள்ளமான ஆள், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிற பழக்கம். கோஸ்காரம்மா உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னாள், மேலே தூவின உலர்ந்த மண் உட்பட. மேடம் காகிதக் குவியலில் தேடி ஒரு தாளை உருவினார்.

"அறுவடையன்னைக்கு எடுத்த மண்ணுல ஈரம் அதிகமாத்தான் காட்டிச்சு" என்றார். "நானும் பார்த்தேன். புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு சந்தோஷத்துல ஏன்னு கேட்காம விட்டேன். உங்க பொண்ணும் விட்டா. அது எங்க தப்பு." மகளைப் பார்த்தார். "கூட்டத்துல பேச வேண்டாம். இன்னும் ஒரு பருவம் இருக்கு. அதுல முடிக்கலைன்னா எனக்கே உனக்காகப் பேச வழியில்லை. வேற நிலம் பார்ப்போம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கேரட் போடறாரே, அவரைக் கேட்டா என்ன?"

"கேட்காதீங்க" என்றாள் கோஸ்காரம்மா.

"ஏன்?"

"அவர் நல்ல கேரட்டுக்காரர். கோஸு அவருக்குக் கைவராது. என் பாத்தியிலேயே போடட்டும்."

"நீங்க மறுபடி தண்ணி ஊத்த மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க" என்றாள் கோஸ்காரம்மா. "கருவியை நட்டு வையுங்க. தினம் ஆள் விட்டுப் பாருங்க. என்னை நம்பித்தானே இவ கெட்டா? அளந்து பாருங்க."

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மகளிடம், "நீ யாரு மாதிரின்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

இப்படியாக மறுபடியும் நாற்று நட்டார்கள். இந்தத் தடவை மண்ணுக்குள் அங்கங்கே கருவியின் கம்பிகள். மோட்டார் அறைச் சாவியை டிரைவர் தானாகவே மனைவியிடம் கொடுத்தார். வாளியையும் சொம்பையும் அவள் அவரிடம் கொடுத்தாள். இரண்டு திருடர்களும் ஒருவருக்கொருவர் காவல். "எங்கே போறீங்க?" "சும்மா காலாற." "கிணத்துப் பக்கம் காலாற வேண்டாம், இந்தப் பக்கம் வாங்க." இப்படியே பொழுது போனது.

பாத்தி வாடத் தொடங்கியது. இலை நீலம் பூத்து, கெட்டியாகி, ஓரம் சுருண்டது. உருண்டைகள் பெருக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தன. பக்கத்துப் பாத்தியில் கோஸ் பூரித்துக்கொண்டு போக, இங்கே இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் நின்றன. கோஸ்காரம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தினம் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

கேரட்டு அண்ணன் சைக்கிள் நின்றது. "மறுபடியும் வாடுதே தங்கச்சி?"

"வாடலை அண்ணே. படிக்குது."

"என்னது?"

"என் பொண்ணோட சேர்ந்து பெரிய படிப்பு படிக்குது. படிக்கிற பிள்ளை கொஞ்சம் இளைச்சுத்தான் இருக்கும். தொந்தரவு பண்ணாமப் போங்க."

அண்ணன் மணிகூட அடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

அறுவடைக்கு நாள் நெருங்கிவிட்ட நேரத்தில் வானம் கறுத்தது. அந்தப் பருவத்தில் வரக்கூடாத மழை. காற்று திசை மாறி, மண்வாசனையை முன்னால் அனுப்பிவிட்டது. தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்து, "வரட்டும், வரட்டும்" என்றார்கள். கோஸ்காரம்மா ஆயுள் முழுக்க மழை வா வா என்று கூப்பிட்டவள். அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து, "வராதே!" என்று கத்தினாள்.

"ஏங்க! லாரித் தார்ப்பாய் எங்கே?"

"பரண்ல. எதுக்கு?"

"கேள்வி கேக்கிற நேரமா இது? எடுங்க!"

அந்தத் தார்ப்பாய் லேசுப்பட்டதா? ஒரு லாரியையே மூடுவது. இரண்டு பேரும் அதை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பாத்தி ஓரத்தில் கழிகளை ஊன்றி, நசுங்காமல் மேலே விரிக்கவேண்டும். ஒரு மூலையைக் கட்டினால் மறு மூலையைக் காற்று தூக்கியது. முதல் துளிகள் கனமாக விழுந்தன. டிரைவர் ஒரு மூலையில் உட்கார்ந்தே விட்டார். இவள் ஒரு மூலையைப் பல்லைக் கடித்துப் பிடித்தாள். நாலாவதைக் கழியில் கட்டியாயிற்று, மூன்றாவது மூலை படபடவென்று அடித்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேரட்டு அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஜனங்களும் நின்றார்கள். யாரோ, "கோஸ்காரம்மாவுக்குப் புத்தி பிசகிடுச்சு" என்றது காதில் விழுந்தது.

"மழைக்குக் கோஸை மறைக்கிறவளை இந்த ஜென்மத்துல இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!" என்று கத்திக்கொண்டே கேரட்டு அண்ணன் வந்தார். சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு மூன்றாவது மூலையைப் பிடித்தார். "என்ன தங்கச்சி இது, சாமி கொடுக்கிறதை வேண்டாம்கிறியே!"

"எனக்கு வேணும் அண்ணே! இந்தப் பாத்திக்குத்தான் வேண்டாம்! அதைக் கட்டிட்டு அந்தப் பக்கம் வாய்க்காலை வெட்டிவிடுங்க, தண்ணி உள்ளே வந்திடப்போகுது!"

மூவரும் தொப்பலாக நனைந்தார்கள். சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்தார்கள். தார்ப்பாயின் மேல் மழை கொட்டு அடித்தது. அதன் கீழே, உலர்ந்த மண்ணில், அந்தச் சின்னக் கோஸ்கள் ஒரு சொட்டு படாமல் உட்கார்ந்திருந்தன. பக்கத்துப் பாத்தி ஆனந்தமாகக் குடித்தது. கோஸ்காரம்மா மூலையைப் பிடித்துக்கொண்டே, "பொறுத்துக்கோ கண்ணு, பொறுத்துக்கோ" என்று தாகப் பாத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் வழிந்ததில் எது மழை, எது அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை.

மழை விட்டதும் மகள் மூச்சிரைக்க வந்தாள். ஓடிப்போய்க் கருவியின் முள்ளைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. பிறகு தலை முதல் கால் வரை சேறாக நிற்கிற மூன்று பேரையும் பார்த்தாள். கிட்டே வந்து, தன் நல்ல சட்டையோடு, சேற்றோடு சேர்த்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் மகள் பேசினாள். பெரிய மண்டபம், நிறைய நாற்காலி. கோஸ்காரம்மாவும் டிரைவரும் முன்வரிசையில். கேரட்டு அண்ணன் தலையில் எண்ணெய் தடவி, படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். திரையில் கோடுகள் மலை மலையாக எழும்பின. தாகப் பாத்தியின் மலை உயரமாக, நன்றாகவே உயரமாக இருந்தது. அதற்குப் பிறகு மகள் சொன்னதில் பாதி கோஸ்காரம்மாவுக்குப் புரியவில்லை. முதல் பருவம் கெட்டுப்போனது, ஏன் கெட்டுப்போனது என்பதையும் சபையில் ஒளிக்காமல் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். கோஸ்காரம்மா தலை குனியவில்லை.

பின்வரிசையிலிருந்து மேட்டு நிலத்துக்காரி ஒருத்தி எழுந்தாள். "அப்போ எங்க சின்னக் கோஸு மட்டம் இல்லையா, அம்மா?"

"நான் அளந்த பொருளை மட்டும் வெச்சுச் சொன்னா, மட்டம் இல்லைங்க" என்றாள் மகள். "ஆனா இது ஒரு தோட்டத்துல, ஒரு தடவை பார்த்தது. உங்க நிலத்துலயும் பார்க்கணும். வரட்டுமா?"

"வா தாயி, வா" என்றாள் அவள். மண்டபமே கைதட்டியது.

முடிந்ததும் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அதில் இரண்டு பாத்தியிலிருந்தும் ஒவ்வொரு கோஸ் வைத்திருந்தது. ஒன்று பளபளவென்று, உருண்டு திரண்டு, மேஜையையே அடைத்துக்கொண்டு. மற்றது நீலம் பூத்து, முறுக்கிக்கொண்டு, கைப்பிடி அளவு. கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் பெரிய கோஸை விரலால் சுண்டிப் பார்த்தார். டங் என்றது. அசந்துபோய்த் திரும்பினார்.

"இதை வளர்த்தது நீங்கதானாம்மா?"

கோஸ்காரம்மா கையை நீட்டி, மற்றதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அது தண்ணி குடிச்சுத் தானா வளர்ந்ததுங்க" என்றாள். "நான் வளர்த்தது இது."